ஊரே சொல்லும் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாயாடி மகள் எழுதுவது. அண்ணன் இருந்த ஊருக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் கத்தினால் உங்களுக்குப் பாதிதான் கேட்கும். மீதியை நீங்களாக இட்டுக்கட்டிக்கொள்வீர்கள். அதனால்தான் கடிதம். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக உட்காருங்கள். மாத்திரை போட்டாயிற்றா?

நான் கிளம்பும்போது நீங்கள் கேட்ட ஒரே கேள்விக்கு முதலில் பதில். அண்ணன் தனியாகச் சாகவில்லை. காலை பத்து மணி, நல்ல வெளிச்சம். தலைமை நர்ஸ் ஒரு பக்கம், சலவைக்கூடத்தில் அவனோடு வேலை செய்த கூட்டாளி ஒரு பக்கம். கடைசியில் வலி இல்லை என்று நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. எப்போதும் ஆவியும் சோப்பு வாசனையும்தான். இருபத்தாறு வருடம் அங்கேதான் படுக்கை விரிப்பு மடித்திருக்கிறான். வீட்டில் ஒரு துண்டைக்கூட மடிக்காதவன்! எப்படி மடிப்பது என்று கூட்டாளி எனக்குக் காட்டினார். நான் மடித்ததைப் பார்த்துவிட்டு, மரியாதைக்குக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிரே, சந்து முனையில் அண்ணன் வீடு. மூன்று அறை. வீடு நமக்கு வராதா என்று அத்தை முணுமுணுத்தார்களே, வராது. இந்த ஊருக்கே எழுதிவைத்துவிட்டான். வெளியூரிலிருந்து நோயாளியோடு வருகிறவர்கள் இலவசமாகத் தங்கிக்கொள்ளலாம். அறைக்கு இரண்டு கட்டில், ஈரத்துணி போடக் கொடி, எல்லா அளவிலும் ரப்பர் செருப்பு. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரியின் மூன்று மாடியும் தெரிகிறது. நம்ம ஆள் படுத்திருக்கிற அறை எதுவென்று பார்த்துக்கொண்டே தூங்கலாம் என்பானாம் அண்ணன். நேற்று ஒரு பெண் வந்தாள், கணவருக்கு ஆபரேஷன். பையைத் தோளிலிருந்து இறக்காமலே கட்டிலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இந்த யோசனை அவனுக்கு எப்படி வந்தது என்று நர்ஸிடம் கேட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் ஒருவர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார் என்று சொல்லியிருக்கிறான். அது யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படியுங்கள். வீட்டு வாசலில் மாட்டுவதற்கு ஒரு பலகை எழுதி வைத்திருந்தார்கள். ஊர் அலுவலகத்தில் அதைக் காட்டினார்கள். அதில் அண்ணன் பெயர் இல்லை. உங்கள் பெயர் இருந்தது.

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நம் கடையை விட்டுவிட்டு வெளிநாடு போகிறானே என்ற ஆத்திரத்தில், "இனிமே எம்பேரைச் சொல்லிக்கிட்டுத் திரியாதே" என்று சொல்லி அனுப்பினீர்களே, அதுதான் ஞாபகம் வந்தது. அதன் பிறகு எனக்கு மட்டும்தான் எழுதுவான். உங்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

நடந்தது இதுதான். இங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. நம்மிடம் அது ஏது? அண்ணன் அதில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறான். இவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். ரொட்டிக்கடைக்காரர் முதல் பெரிய டாக்டர் வரை இத்தனை வருடமும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இது எங்கள் அப்பா பெயர், அவர் நன்றாக இருக்கிறார், அவருக்குப் பிடிக்காது, மாட்டாதீர்கள் என்று நான் ஒரே ரகளை. குமாஸ்தா வெளிறிப்போனார். உயிரோடிருப்பவர் பெயரை அவர் சம்மதமில்லாமல் மாட்டக் கூடாதாம். அப்போது கூட்டாளிதான் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். அது அப்பா பெயர் என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். பலகையில் உன் சொந்தப் பெயரை எழுதச் சொல்லட்டுமா என்று போன மாதம்கூட அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அதற்கு அவன் சிரித்துக்கொண்டே சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்:

"அப்பா அவரு பேரைச் சொல்லாதேன்னாரு. நான் எங்கே சொன்னேன்? ஊரே சொல்லுது. அப்படியே இருக்கட்டும்."

அப்பா, அவனுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். எழுந்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது. இவ்வளவு காலம் நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பயந்துகொண்டிருந்தது வீண்.

பலகை இப்போது அண்ணன் கட்டிலில், அவன் மடித்து வைத்த விரிப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. சம்மதப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பாங்க்கில் கையெழுத்துப் போடுவதுபோல் கிறுக்காமல் முழுப் பெயரையும் எழுதுங்கள். மற்றதையெல்லாம் நானே நிரப்பிவிட்டேன். வீட்டைக் கொடுத்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்கும் கட்டத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அதை உங்கள் கையால் எழுதுங்கள், அப்பா.

உங்கள் ஆசியை எங்கள் இருவருக்குமாகக் கேட்கும்,
வாயாடி