ஆடிட்டர் வேண்டாம் என்ற மகனுக்கு

உடையார்பாளையம்,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் அறிவழகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடும் முந்திரித் தோப்பும் இருக்கிறோம். அங்கே ஜெர்மனியில் நீங்கள் சுகமாக இருப்பது உன் பெண்டாட்டி சுவாதி போடுகிற போட்டோவிலேயே தெரிகிறது, அதனால் அதைக் கேட்டு உன் நேரத்தை வீணாக்கவில்லை. போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதற்காகத்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். எதிர் வீட்டு நர்மதா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள்.

உன் பேரில் இருக்கிற அரியலூர்க் கடை வாடகைக்கு இந்த வருஷம் வரிக் கணக்கை ஆடிட்டர் செல்லப்பன் போடுவதா, நீயே கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். கேட்டாய் என்பதே பொய், முடிவு பண்ணிவிட்டுச் சொன்னாய். "அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலம்மா, சுவாதியும் ஆன்லைன்லயே போட்டுடலாங்குறா" என்றாய். சுவாதி சொல்லிவிட்டால் சரிதான். உன் கல்யாணப் பந்தியில் அவள் சித்தி பாயச வாளியோடு என் இலையைத் தாண்டிப் போனவள், அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாத கணக்கா.

செல்லப்பனுக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. நீ வருஷத்தில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தாய் என்பதுதான் அவருக்கு முதலில் வேண்டுமாம். உனக்கு மெசேஜ் போட்டுக் கேட்டிருக்கிறார், "அம்மாகிட்ட கேட்டுக்குங்க" என்று நீ பதில் போட்டிருக்கிறாய். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படியா நீ வந்து போகிறாய்? அவர் யார் என்பது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. உன் தங்கச்சி வினோதினியின் மாமனார் கொளஞ்சியப்பனோடு கூடப் பிறந்த தம்பி. மாசியில் வினோதினி மகளுக்குக் காதுகுத்து வைத்தோமே, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும், நீ டிக்கெட் விலை ஜாஸ்தி என்று ரெண்டு வரி அனுப்பினாய். அன்றைக்குக் கோயிலில் அத்தனை பேர் முன்னால் கொளஞ்சியப்பன் பெண்டாட்டி வேணி கேட்டாள், "என்னா சம்பந்தி, மாமங்காரன் மடி எங்க? ஜெர்மனிலேருந்து பார்சல்ல வருதா?" கோயிலே சிரித்தது. நான் விடவில்லை. "எம் மவன் ஆறேழு மாசமா மெட்ராஸ்லதான் இருக்கான், கம்பெனியில லீவு வுட மாட்டேங்குறானுவ" என்றேன். பிறகு என் அக்கா மகன் ராஜவேல் மடியில்தான் உட்கார வைத்தோம். பழக்கமில்லாத மீசையைப் பார்த்துக் குழந்தை திமிறி, ஆசாரியின் கை தவறி, இடது காதுத் துளை மேலே ஏறிப்போயிற்று. உன் மருமகளுக்கு ஆயுசுக்கும் ஒரு தோடு ஒசத்தியாகத்தான் நிற்கும். பார்க்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

அதே செல்லப்பன் வீட்டுக்கு வந்து நாள் கேட்டால் நான் வேறு என்ன சொல்வேன்? கோயிலில் சொன்னதையே சொன்னேன். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தவன் என்றால் அங்கே வாங்குகிற சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும் என்று அவர் உன்னிடம் சம்பளச் சீட்டைக் கேட்டார். நீ என்னிடம் ஒரு வார்த்தை விசாரித்தாயா? நேரே அவருக்குப் போன் போட்டு, "நான் நாலு வருஷமா ஊருக்கே வரல, ஒனக்கு யாருய்யா சொன்னது" என்று கத்தியிருக்கிறாய். வயசில் பெரியவரை! அன்று சாயங்காலமே அது அவர் அண்ணன் கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது வினோதினி சோறு போட்டால்கூட வேணி, "இது நெசமாவே வெந்துருக்கா, இல்ல ஒங்கம்மா சொல்றாப்புல வெந்துருக்கா" என்று கேட்கிறாளாம். என் பெண் அழவில்லை, "வுடும்மா" என்றாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆகையால் தம்பி, நீயே கம்ப்யூட்டரில் போட்டுக்கொள். எனக்கு முழுச் சம்மதம். ஆடிட்டர் என்றால் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டே விசாரிப்பார், அம்மாக்காரி மகன் மானத்துக்காக எதையாவது சொல்லிவைப்பாள். கம்ப்யூட்டர் உன்னைத்தான் கேட்கும். எத்தனை நாள் என்று கேட்கிற இடத்தில் உன் கையாலேயே சைபர் போடு. போடும்போது சுவாதியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

ஆனால் உன் ஆதாரில் இருக்கிற நம்பர் என் போனில் கிடக்கிறது. அதற்கு வருகிற ஓ.டி.பி.யைத் தட்டினால்தான் கணக்கு போய்ச் சேரும் என்று நர்மதா சொன்னாள். இந்த வாரம் முழுக்க "சாப்ட்டியாம்மா" என்று நீ மெசேஜ் போட்டது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. நேற்று ஒரு நம்பர் வந்தது. பார்த்தேன், அழித்துவிட்டேன். இனி வந்தாலும் அழிப்பேன். முதலில் நீ கொளஞ்சியப்பனுக்குப் போன் போடு. மாமா என்று கூப்பிடு. "அம்மா மேல தப்பு இல்லிங்க மாமா, வராததுக்கு வெக்கப்பட்டு நாந்தான் அப்புடிச் சொல்லச் சொன்னேன்" என்று சொல். ஸ்பீக்கரில் போடச் சொல், வேணி காதில் விழ வேண்டும். அப்படியே தம்பிகாரர் செல்லப்பனிடமும் மன்னிப்புக் கேள். நீ என்னைச் சொல்லச் சொல்லவில்லைதான், அதனால் என்ன? உனக்காக நான் ஒரு பொய்யைச் சுமந்தேன், உன் தங்கச்சிக்காக நீ ஒன்றைச் சுமந்தால் முதுகு ஒடிந்துவிடாது. வினோதினி எனக்குப் போன் போட்டு "அண்ணன் பேசிடிச்சும்மா" என்று சொல்லட்டும், அடுத்து வருகிற நம்பர் அந்த நிமிஷமே உன் கையில் இருக்கும். இல்லையென்றால் அபராதம் கட்டு. டிக்கெட் காசு மிச்சம்தானே இருக்கிறது.

நம் குலசாமி உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். பேரனைத் தினமும் தமிழில் நாலு வார்த்தை பேசச் சொல். கெடு இந்த ஜூலையோடு முடிகிறதாம். கொளஞ்சியப்பன் மதியம் சாப்பிட்டுத் தூங்குவார், அந்த நேரத்தில் கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
ஜெயலட்சுமி