மணவறைக்கு மூன்றடி முன்னால்

பரிதாபி வருஷம், ஆவணி 13, புதன்.

இன்று தங்கை மகள் சிவகாமிக்குக் கல்யாணம். தாய்மாமன்தான் பெண்ணைத் தூக்கிப் போய் மணவறையில் உட்கார வைக்க வேண்டும். என் முழங்காலோ நாலு வருஷமாகப் பொதிகை மலை போல வீங்கிக் கிடக்கிறது.

பாளையங்கோட்டையில் கம்பவுண்டராக இருக்கும் என் மச்சினன் ஒரு வாரமாக உயிரை எடுத்தான். "அத்தான், அபின் வலியைத்தான் மறைக்கும். வீக்கம் அங்கனயேதான் கெடக்கும். இந்த வெள்ளைப் பொடியைச் சாப்பிடுங்க. வயிறு எரியும், ஆனா வீக்கம் வடியும்."

"போலே, அதை வச்சுப் பல்லு வெளக்கு" என்றேன். ஒரு நாள் தின்றதற்கே வயிற்றுக்குள் இலங்கை எரிந்தது.

காலையில் அபின் உருண்டையை விழுங்கினேன். வலி போன இடம் தெரியவில்லை. பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஐராவதம் போல நடந்தேன். மணவறைக்கு மூன்றடி முன்னால் முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிவிட்டது. சரிந்த பெண்ணை அந்தக் கம்பவுண்டர் பாவிதான் பாய்ந்து பிடித்தான். அவனே கொண்டுபோய் உட்காரவும் வைத்தான். பதினான்கு லோகமும் பார்த்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவனைக் கழுவில் ஏற்றலாம்.

சாயங்காலம் சிவகாமி வந்து, "வலிக்கா மாமா?" என்றாள்.

"இல்லளா" என்றேன். பொய்யில்லை. கால் காலையில் இருந்ததைவிட இருமடங்கு வீங்கிக் கிடக்கிறது. வலிதான் இன்னும் வரவில்லை.