எண்ணெய் குடிக்கும் பவுடர்

1980 மார்ச் 8, சனி

நேற்று விடிய ரெயினில் இவர் வந்து சேர்ந்தார். கறுத்து, மெலிந்து, கப்பல் எஞ்சின் அறை மணத்தோடு. மாதாவே, உமக்கு நன்றி.

போன தடவை இவர் போய், "சுகமாய்ச் சேர்ந்தேன்" என்ற தந்தி வர ஒரு மாதத்துக்கு மேலானது. தந்தி வரும்வரை இவருடைய தலையணை உறையை நான் கழுவவில்லை. கப்பல்காரர் வீடுகளில் அதுதான் வழக்கம். ஆள் கரை சேர முதல் உறையில் தண்ணீர் பட்டால் ஆளுக்கு ஆகாது. சுவாமியார் அறிந்தால் ஏசுவார். ஆனாலும் அந்த எண்ணெய்த் தடத்தில் கன்னத்தை வைத்துச் செபமாலை சொன்னால்தான் எனக்கு நித்திரை வரும்.

மகளுக்குக் கைக்கடிகாரம். எனக்குச் சிங்கப்பூரில் வாங்கிய முகப் பவுடர். வட்டப் பெட்டி, மூடிக்குள் கண்ணாடி, தொட்டுப் பூச ஒரு சின்னப் பஞ்சு. "கடையிலை எவ்வளவு நேரம் நிண்டு தெரிஞ்செடுத்தனான் தெரியுமோ, பிலோமி?" என்றார்.

தெரிந்தெடுத்தாராம். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. இந்த வயதில்.

மார்ச் 10, திங்கள்

தவக்காலத்தில் பவுடர் பூசுவதில்லை என்று எனக்கு ஒரு நேர்த்தி. ஆனால் இவர் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. ஒருநாள் பூசினால் ஆண்டவர் கோபிக்க மாட்டார் என்று பூசினேன்.

என்ன இது? முகத்தில் ஒட்டவேயில்லை. வாயோரம் கோடு கோடாய் வெடித்தது. கன்னத்தில் மேலாக வெள்ளையாய் நின்றது. பக்கத்து வீட்டு ஜெஸீமா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "அக்கா, புட்டுக்கு மா குழைச்ச கையாலை முகத்தைச் சொறிஞ்சனீங்களோ?" என்றாள். நானும் சிரித்தேன்.

இன்பமலர் எனக்குத் தெரியாமல் எடுத்துப் பூசியிருக்கிறாள். அவளுக்குப் பதினைந்து வயது, மூக்கெல்லாம் மினுங்கும் முகம். அவள் முகத்தில் பவுடர் போன இடமே தெரியவில்லை. பூவிதழ் மாதிரி இருந்தது. "அம்மா, பாருங்கோ, மூக்கு மினுங்கேல்லை!"

பிள்ளைக்கு வடிவு. எனக்கு ஏன் இப்படி?

மார்ச் 11

கன்னம் எரிகிறது. தேங்காயெண்ணெய் தடவினேன்.

மார்ச் 15, சனி

வாரச் செலவை எழுதி முடித்துவிட்டுப் பவுடர்ப் பெட்டி வந்த மட்டையை எடுத்துப் படித்தேன். என் ஆங்கிலம் சவர்க்காரப் பெட்டியும் பால்மாத் தகரமும் பார்த்து நானாகப் படித்தது. தெரியாத சொல்லுக்கு அகராதி இருக்கிறது.

உள்ளே இருப்பது நைலோன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஜெஸீமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் புருஷன் மீன் வலைக் கடை வைத்திருக்கிறவர். அவரிடம் கேட்டு வந்து சொன்னாள். "ஓம் அக்கா, எங்கட கடையிலை விக்கிற வலைநூலின்ர சாதிதானாம். மா மாதிரிப் பொடியாக்கினா எண்ணெயை உறிஞ்சுமாம். இனி உங்கட முகத்திலை கீரி மீன் படும்!"

சிரித்துவிட்டுப் போனாள். நான் கடைசி வரியில் நின்றேன். ஒரு சொல்லை அகராதியில் இரண்டு தரம் பார்த்தேன். எண்ணெய் வழியும் முகங்களுக்கு மட்டும். உலர்ந்த முகத்துக்குப் பூச வேண்டாம்.

என்னுடையது உலர்ந்த முகம். கச்சான் காற்று தொடங்கினால் மீன் செதிள் போல உரியும். கலியாணம் முடித்த நாள் தொட்டு ஒவ்வொரு நாளும் படுக்க முதல் எண்ணெய் தடவுகிறேன். "தேங்காயெண்ணெய் மணக்குது" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறவர் இவர்தானே.

மார்ச் 16, ஞாயிறு

கடைப் பெட்டை மாறிக் கொடுத்திருப்பாள். ஆம்பிளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வீணாக யோசிக்கிறேன்.

மார்ச் 30, குருத்து ஞாயிறு

கடற்கரை வீதியால் குருத்தோலை பிடித்துக்கொண்டு சுற்றி வந்தோம். என்ன வெய்யில்! ஒருவர் முகமும் மிச்சமில்லை, எல்லாம் வழிந்தது. சுவாமியாரின் தலை பித்தளைக் குத்துவிளக்குப் போல மினுங்கியது. என் முகத்திலும் வியர்வை.

ஒரு முகம் மட்டும் மினுங்கவில்லை. முன்னுக்குப் பாடிக்கொண்டு போன றோஸ்.

அன்புவழிபுரத்தில் தமக்கையோடு இருக்கிறா. அவவின் புருஷன் இவரோடு ஒரே கப்பலில் வேலை செய்தவர். காய்ச்சலில் போய் மூன்று வருஷம். றோஸ் பாடும்போது நெற்றியில் எண்ணெய் பூத்து வழியும், லேஞ்சித் துண்டால் ஒற்றி ஒற்றிப் பாடுவா. கோயிலில் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு லேஞ்சியே எடுக்கவில்லை. பூவிதழ் மாதிரி.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சோறு அடிப்பிடித்துவிட்டது. இரண்டு தரம்.

ஏப்ரல் 2, புதன்

பெரிய வியாழனுக்குப் பீடத் துணி மடிக்கக் கோயிலுக்குப் போனேன். றோஸ் பாட்டுப் பழக்க வந்திருந்தா. கேட்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "நல்ல பவுடர் போலை?"

ஒளிக்கவேயில்லை. "ஓம் அக்கா, உங்கட அவர், வின்சன்ட் அண்ணன்தான் குடுத்துவிட்டவர். பாடேக்குள்ள நெத்தி வழியுதெண்டு நான் எப்பவோ கரைச்சல்பட்டனானாம். எனக்கே ஞாபகமில்லை. அவர் மனசிலை வச்சு வாங்கியந்திருக்கிறார். உங்களுக்கும் அதையேதான் வாங்கினதெண்டு சொன்னவர். உங்களுக்கு எப்பிடி, நல்லா இருக்குதோ?"

"நல்லா இருக்குது" என்றேன்.

அந்த முகத்தில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் நல்லது. இனி யாரைக் கோபிக்கிறது? ஒரு முகத்தைப் பார்த்துத் தெரிந்தெடுத்திருக்கிறார். பிறகு, வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள் என்று, அதே மாதிரி இன்னொன்று.

ஏப்ரல் 4, பெரிய வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். என்னத்தைச் சொல்ல? இதில் ஆருக்குப் பாவம்?

ஏப்ரல் 9, புதன்

இன்று கேட்டுவிட்டேன். இவர் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார். பிள்ளை ரியூசனுக்குப் போயிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, கண்ணை மூடுங்கோ."

"இதென்ன விளையாட்டு?" சிரித்துக்கொண்டு மூடினார்.

"என்ர முகம் காய்ஞ்ச முகமோ, எண்ணெய் முகமோ?"

"அட! எண்ணெய் முகந்தான். குசினி வெக்கைக்குள்ள நிக்கிற பொம்பிளையள் எல்லாருக்கும் அப்பிடித்தானே?"

கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார் – எவ்வளவு நாளைக்குப் பிறகு! – சிரிப்பு நின்றுவிட்டது.

"றோஸ் ஏதும் சொன்னவவோ?" என்றார்.

நான் றோசின்ர பேரை எடுக்கவே இல்லையே. எடுக்கவே இல்லையே மாதாவே.

"ஆண்டவர் அறிய ஒண்டும் இல்லை, பிலோமி. செத்தவன் என்ர சிநேகிதன். அவன்ர பெண்சாதியை நான் அப்பிடி நினைப்பனோ?"

"ஓம், தெரியும்" என்றேன். உண்மையாகவே தெரியும். ஒன்றும் இல்லை. பார்த்தது மட்டுந்தான். அந்தப் பார்வையை இஞ்சை ஒருநாள் இந்தப் பக்கம் திருப்பியிருந்தா என்ன? கலியாணம் முடித்த இந்தப் பதினெட்டு வருஷத்துக்கும் எனக்கு அது போதுமாயிருந்திருக்கும்.

ஏப்ரல் 12, சனி

சந்தையால் வரும்போது களிம்புக் குப்பி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். மேசையில் வைத்தார். "காய்ஞ்ச தோலுக்கு நல்லதாம்" என்றார், என்னைப் பாராமல்.

அலுமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று பின்னேர ரெயினில் போய்விட்டார். கொழும்பில் கப்பல்.

வழக்கம் போலப் படலையடியில் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன். விரலில் எண்ணெய் பட்டது. இவருடைய நெற்றிதான் எண்ணெய் நெற்றி. இடது பக்கந்தான் கூடுதலாய் வழியும். கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவேன்.

"தந்தி அடிக்கிறன்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல நின்றார். இன்பமலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "அப்பா, ரெயின் விடப்போகுது!" என்று கத்தினாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

இவருடைய தலையணை. நடுவில் தலை வைத்த இடம், மஞ்சளாய்.

பவுடர்ப் பெட்டியை எடுத்தேன். பஞ்சால் தொட்டுப் பூசவில்லை. கத்தி நுனியால் சுரண்டி முழுவதையும் அந்தத் தடத்தில் கொட்டி, உள்ளங்கையால் தேய்த்துவிட்டேன். பின்னேரம் முற்றத்தில் தட்டினேன். மீண்டும் தேய்த்தேன்; மீண்டும் தட்டினேன். நல்ல பவுடர். மட்டையில் எழுதியது பொய்யில்லை.

ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. வழக்கத்தை நான் மீறவில்லை. மாதாவே, அவரைச் சுகமாய்க் கரை சேர்த்தருளும்.

மே 21, புதன்

தந்தி வந்தது. சுகமாய்ச் சேர்ந்தாராம். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

கச்சான் காற்று பிடித்துவிட்டது. "அம்மா, இனி அப்பான்ர உறையைத் தோய்க்கலாந்தானே?" என்று இன்பமலர் எடுத்துக்கொண்டு போனாள். கிணற்றடியில் விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"இதிலை தோய்க்க ஒண்டும் இல்லையே, அம்மா."

வாங்கி மடித்து அலுமாரியில் வைத்தேன், களிம்புக் குப்பிக்குப் பக்கத்தில்.