உன் அப்பாவின் மூக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் குமட்டுகிறது. சொந்தமாக பேக்கரி வைத்திருக்கிறோம் என்று உன் சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்வதாக எழுதியிருந்தாய். ஒரு வாரம் வந்து, சாக்கடைக் குழாயில் அடைத்த கொழுப்பைக் கையால் வழித்துப் பார், பிறகு சொல். வருகிறவர்கள் மூக்கைத் துடைத்த கையாலேயே பத்து பன்னை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுகூட வாங்காமல் போகிறார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன், போன செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

காலையில் க்ரீம் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்ப்பது உன் அப்பா வேலை என்று உனக்குத் தெரியும். அவர் தலையாட்டினால்தான் பன்னில் க்ரீம் ஏறும். நான் உள்ளே மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கமே போவதில்லை. முந்தின நாள் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவர் முகர்ந்தார், நல்லா இருக்கு என்றார். எதிர்க்கடைத் தையல்காரர் ஒரு க்ரீம் பன் வாங்கி, நின்ற இடத்திலேயே தின்று, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நம் வாசலிலேயே வாந்தி எடுத்தார். நான் ஓடிவந்தால் பாத்திரத்திலிருந்து புளித்த நாற்றம் முகத்தில் அறைகிறது. உன் அப்பா அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, க்ரீம் நல்லாத்தானே இருக்கு, அவருக்கு வயிறு சரியில்ல போல என்கிறார். தெரிந்தே விற்றுவிட்டார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.

க்ரீமை எல்லாம் தொட்டியில் கொட்டி, வாந்தியைத் துடைத்து, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு துணியைப் பிழிந்தேன். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ரொம்ப நாத்தம் அடிக்குதா என்று மெதுவாகக் கேட்டார். ஆறு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலிலிருந்து அவருக்கு வாசனையே தெரியவில்லையாம். தினமும் முகர்வதுபோல் நடித்திருக்கிறார். ஊரார் வயிற்றை வைத்தா வீம்பு காட்டுவது? தையல்காரர் இரண்டு நாள் படுத்து எழுந்தார். பழம் வாங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் மனைவி கதவை முழுதாகத் திறக்கவில்லை. தெருவில் பாதிப் பேர் இப்போது நம் கடையைத் தாண்டித்தான் ரொட்டி வாங்கப் போகிறார்கள். இத்தனை வருடம் சேர்த்த பேர் ஒரு பாத்திரத்தில் போயிற்று. இனி நான்தான் முகர்கிறேன். டாக்டரிடம் போகச் சொன்னால் காதில் வாங்கவில்லை, நீ சொன்னால் கேட்பார்.

பாலை முகர்ந்து பார்க்காமல் குடிக்காதே. உடம்புக்கு ஏதாவது என்றால் அவரைப்போல் மறைக்காதே. நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது என்ன சமைத்தாய் என்று கேட்பார். அது எப்படி மணந்தது என்றும் அவருக்கு விவரமாகச் சொல். இங்கே எது எப்படி மணக்கிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கோபம் தீராத
உன் அம்மா