யாரும் கை தூக்கவில்லை

இன்று காலை நான் சூப்பர்வைசராக இருக்கும் படகுத்துறை வேலைக்குப் புதிதாக ஆறு பேர் வந்தார்கள். ராஞ்சிப் பக்கத்து ஆட்கள். கடலுக்கு மேல் சாரம் கட்டி நின்று வேலை செய்ய வேண்டும். மேஸ்திரி அவர்களை வரிசையாக நிறுத்தி, "கிஸ்கோ தைர்னா நஹி ஆதா? நீச்சல் தெரியாதவன் கை தூக்கு" என்று கத்தினார். ஒரு கையும் மேலே போகவில்லை. ஒருவன் மட்டும் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"இப்படிக் கூட்டத்துல கேட்டா எவன் சொல்லுவான்?" என்று மேஸ்திரிமேல் எரிந்து விழுந்தேன். பிறகு ஒவ்வொருவராக சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் கூப்பிட்டுத் தனியாகக் கேட்டேன். ஆறில் நான்கு பேருக்கு நீச்சல் தெரியாது.

அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு சிப்பிகாட்டுக்கு, உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வந்ததும் உனக்கு எழுதுகிறேன். நீ செத்து மூன்று வருடம் ஆகிறது. படிக்க மாட்டாய். தெரியும். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்பது உனக்கும் தெரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஷாதிபூரில் உனக்கு நினைவுக் கூட்டம். மெயின்லேண்டில் நம் கல்லூரியில் படித்த அந்தமான் தீவுப் பையன்களின் சங்கம் நடத்துகிறது. நமக்கு சீனியராக இருந்த, அண்ணன் முறையில் நாம் பையா என்று கூப்பிட்ட சுரேஷ் பையாதான் இப்போது தலைவர். "அவனுக்கு கிளோஸ் நீதான், நீயே பேசு" என்று சொல்லி, பேச வேண்டியதையும் அவரே எழுதி அனுப்பிவிட்டார். 'நண்பர்களுடன் ஆர்வமாகக் குளிக்கச் சென்ற இடத்தில்' என்று ஒரு வரி. உன் அப்பா அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நான் அதை வாசிக்க வேண்டுமாம்.

ஆர்வமாக.

கப்பலில் நாம் இருவரும் ஒரே பங்க் வரிசை. படிப்புக்காக முதல்முறை மெயின்லேண்ட் போகிறோம். மூன்று நாளில் நீ ஒருமுறைகூட மேல்தளக் கம்பி ஓரத்துக்கு வரவில்லை. "வாந்தி வருதாடா?" என்று கேட்டேன். "இல்லடா. எனக்கு நீச்சல் தெரியாது" என்றாய். நான் சிரித்துவிட்டேன். அந்தமானில் பிறந்தவனுக்கா? நீ சிரிக்கவில்லை. சுனாமித் தண்ணீர் உங்கள் வயலுக்குள் வந்தபோது நீ ஒரு வயதுப் பிள்ளை. அன்றிலிருந்து அம்மா உன்னைக் கடல் பக்கமே விடவில்லை. கப்பல் ஏறும்போதும் அப்பா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தாய், தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று.

"யாருகிட்டயும் சொல்லிடாதடா. ஓட்டியே கொன்னுடுவானுங்க."

"சொல்ல மாட்டேன் போடா."

சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கை மட்டும் நான் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

மெயின்லேண்டில் சங்கம் இல்லாவிட்டால் நமக்கு நாதியில்லை என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. "நீங்கல்லாம் காட்டுக்குள்ளயா இருப்பீங்க?" என்று கேட்டவர்கள் நடுவில், தெரிந்த முகம், தெரிந்த இந்தி, மீன் குழம்பு எல்லாம் சீனியர்கள் அறையில்தான் கிடைத்தது. அதற்குள் நுழைய ஒரு சடங்கு. 'உப்புக் கழுவுதல்' என்று பெயர். மூன்று நாள் கப்பலில் வந்தவன் உடம்பிலிருந்து கடல் உப்புப் போக, கல்லூரிக்குப் பின்னால் இருந்த தோட்டத்துக் கிணற்றில் குதித்து ஏற வேண்டும். ஏறினால் நீ சங்கத்து ஆள்.

அந்தக் கிணற்றை இன்று என் சைட்டாக நினைத்துப் பார்க்கிறேன். ஆழம் யாரும் அளக்கவில்லை. கயிறு இல்லை. படி எதிர்ப்பக்கத்தில். இப்படி ஓர் இடத்தில் ஒரு ஆளைக்கூட இறக்க மாட்டேன். அன்று ஈரத்தலையோடு படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவன் குதித்திருந்தான், நான் இரண்டாவது. எனக்குப் பின் மூன்று பேர். அடுத்தது உன் முறை.

மேலே மிச்சம் நின்றவர்களிடம் சுரேஷ் பையா கேட்கத்தான் செய்தார். அதை மறைக்க மாட்டேன். "நீச்சல் தெரியாதவங்க கை தூக்குங்கடா. ஜபர்தஸ்தி ஒண்ணும் இல்ல, யாரையும் கட்டாயப்படுத்தல."

பின்னாலிருந்து ஒருவன், "அரே பையா, மீனுகிட்ட போய் நீச்சல் தெரியுமான்னு கேக்குறீங்களே!" என்றான். கிணற்றைச் சுற்றி ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் எவன் கை தூக்குவான்?

நீ என்னைப் பார்த்தாய்.

நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஒன்றும் ஆகாது, குதி என்று. என் கணக்கு இதுதான்: கீழே ஐந்து பேர் இருக்கிறோம், ஐந்து பேரும் நன்றாக நீந்துவோம், நீ மூழ்கினால் அரை நிமிடத்தில் தூக்கிவிடலாம். நீ மானம் போகாமல் சங்கத்து ஆளாகிவிடுவாய்.

நீ குதித்தாய். கணக்கு தப்பு. நம் கடலில் மூழ்கினால் அடியில் கிடக்கும் சங்கு தெரியும். உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிக் கொடுக்கும். அந்தக் கிணறு பச்சைத் தண்ணீர். ஒரு முழத்துக்குக் கீழே என் கையே எனக்குத் தெரியவில்லை. கடலில் பழகிய ஐந்து பேரும் குருடர்கள் மாதிரி துழாவினோம். கடைசியில் உன்னை மேலே கொண்டுவந்தது சுரேஷ் பையாதான். சேற்று மண்ணில் உட்கார்ந்து உன் நெஞ்சை அமுக்கி அமுக்கி அவர் அழுததும் உண்மை. அதே ஆள் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களை ஒதுக்கி நிறுத்தி, "குளிக்கப் போனோம். அவனாத்தான் குதிச்சான். புரிஞ்சுதா? இல்லேன்னா எல்லார் படிப்பும் போச்சு" என்றதும் உண்மை. எல்லோரும் போலீசுக்கு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

இன்று சிப்பிகாட்டுத் திருப்பத்தில் பைக்கை நிறுத்தி முதலில் சுரேஷ் பையாவுக்கு போன் செய்து, உன் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன். முதுகுக்குப் பின்னால் செய்வது எனக்குப் பிடிக்காது.

"பைத்தியமாடா உனக்கு? போனவன் வருவானா? எல்லாருக்கும் இப்ப வேலை, குடும்பம்னு இருக்கு. ரெஸ்பெக்டா ஒரு மாலை போட்டு முடிச்சுக்கலாம்டா."

"அவன் மேலயே பழியப் போட்டுட்டு என்ன ரெஸ்பெக்ட் பையா?"

"நீயும்தானே கையெழுத்துப் போட்டே?"

"ஆமா. அதையும்தான் சொல்லப் போறேன்."

கட் பண்ணிவிட்டார்.

உன் அப்பா பாக்கு காய வைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்று உள்ளே கூட்டிப்போனார். உன் படத்துக்கு அம்மா பூ வைத்திருந்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்: "என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணினவன் தம்பி. அங்க போய்ச் சேந்த அதே மாசம் தண்ணியில எறங்கிட்டான். செத்த புள்ள மேல கோவப்படக் கூடாதுதான். ஆனா வருதே, என்னா செய்ய?"

மூன்று வருடமாக அவர் உன்னோடு பேசாமல் இருந்திருக்கிறார்டா. நாங்கள் எழுதிக் கொடுத்த பொய்யை நம்பி.

சொன்னேன். உப்புக் கழுவுதல், சுரேஷ் பையா கேட்டது, சிரிப்பு, என் கட்டைவிரல், வராந்தா, கையெழுத்து. எதையும் விடவில்லை. அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"எத்தன பேரு நின்னீங்க?" என்று அப்பா கேட்டார்.

"இருபது பேருக்கு மேல, அங்கிள்."

"ஒருத்தருக்குமா வேணாம்னு சொல்லத் தோணல?"

"மத்தவங்களுக்கு அவனப் பத்தித் தெரியாது. எனக்குத் தெரியும். கப்பல்லயே சொன்னான்."

அவர் கை ஓங்கினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்தார். உன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "பயந்துக்கிட்டேதான் குதிச்சியாப்பா?" என்று கேட்டார். அப்புறம் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குள் போய்விட்டார். நான் இருந்தவரை திரும்பி வரவில்லை.

"ஞாயித்துக்கெழம அங்கயும் இதச் சொல்லுவீங்களா?" என்று அம்மா கேட்டார்.

"சொல்றேன் ஆன்ட்டி. போலீசுலயும் திருப்பி எழுதிக் கொடுக்கிறேன்."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசல்வரை வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"அழுவாம சொல்லுங்க தம்பி. நீங்க அழுதீங்கன்னா எல்லாரும் ஒங்களத்தான் தேத்துவாங்க."

மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்டா. கிணறுவரை நன்றாகத்தான் வருகிறது. 'எனக்குத் தெரியும்' என்கிற இடத்தில் குரல் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.