அவருக்குத் தெரிந்த சத்தம்

2002 மே 14, செவ்வாய்

சம்பளத்துக்கு ஏற்றிப்போகிற அயல் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் பெற்றோல் அடிக்கப் போனேன். அடிக்கிறவர் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டே செய்தி சொன்னார். "அக்கா, வாற மாசத்தோட இந்தப் பெற்றோல் நிப்பாட்டுறாங்களாம். இனி ஈயம் போடாததுதான் வருமாம். இந்தப் புகை கூடாதாம்."

நல்லதுதானே, பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும் என்றேன். அவர் என் மொறிஸ் மைனரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உங்கட காருக்குத்தான் சரிவராது. பழைய எஞ்சினெல்லாம் ஈயத்தில பழகினது."

சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் விட்டும் ஓடிய கார் இது. போங்கள் உங்கள் ஈயமும் நீங்களும் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு வந்தேன்.

மே 15

மாலையில் வழக்கம்போலக் கேற்றடியில் காரை நிறுத்தி எஞ்சினை ஓட விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் புஷ்பவதி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "பற்றரி இறங்காமலிருக்கவோ?"

ஓம், பற்றரிக்குத்தான். எத்தனை தரம் கேட்டாலும் பற்றரிக்குத்தான்.

மே 19, ஞாயிறு

கிண்ணியாவிலிருந்து அபூதாஹிர் நானா வந்தார். என் மனுசன் காலத்திலிருந்தே இந்தக் காரைத் திருத்துகிறவர். பொனற்றைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வால்வு வந்து குந்துற இடத்தில ஈயம் மெத்தை மாதிரி நிக்கும் தங்கச்சி. அது இல்லாட்டி இரும்பில இரும்பு அடிச்சுத் தேஞ்சுபோகும். வேற கார் எண்டா கொழும்பில குடுத்து அந்த இடத்தைக் கடைஞ்சு புதுசு வைக்கலாம். இது ஏற்கெனவே வெடிச்சு ஒட்டின எஞ்சின், கடைஞ்சாப் பிளந்திடும். ஜப்பான் எஞ்சின் ஒண்டு போட்டுத்தாறன். சத்தமே கேக்காது."

"சத்தமே கேக்காதோ?"

"பூனை மாதிரிப் போகும்."

வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். அவரிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

தொண்ணூறாம் ஆண்டு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் என் மனுசனைக் கூட்டிக்கொண்டு போனது உப்புவெளி வீட்டிலிருந்து. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். சட்டையை மாற்றக்கூட விடவில்லை. பிறகு அந்த வீடு எரிந்தது. மகனோடும் இந்தக் காரோடும் அகதி முகாம், அண்ணன் வீடு என்று அலைந்து, இப்போது துறைமுகத்தடியில் வாடகைக்கு இருக்கிறேன். இந்த விலாசம் அவருக்குத் தெரியாது. அயலவர்களும் புதியவர்கள், கேட்டாலும் சொல்ல ஆளில்லை. ஆனால் இந்தக் காரின் சத்தம் அவருக்குத் தெரியும். மூன்று துடிப்பு, பிறகு ஒரு விக்கல். "ஊரில ஒரு காரும் இப்பிடி விக்காது மலர், கண்ணைக் கட்டி விட்டாலும் வீட்டுக்கு வந்திடுவன்" என்று பெருமையாகச் சொல்வார்.

அதுதான் மாலையில் ஓட விடுகிறேன். கேற்றையும் பூட்டுவதில்லை. பைத்தியம் என்பார்கள். என்றுவிட்டுப் போகட்டும்.

ஜூன் 27

புதுப் பெற்றோல் வந்து சில நாள்தான். ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில் கார் மூச்சுவாங்குகிறது. பின்சீற்றுப் பிள்ளைகள் "தள்ளு, தள்ளு" என்று சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன்.

சமாதானம் வந்து பாதைகள் திறந்தபிறகு யார் யாரோ வருகிறார்கள். இறந்துவிட்டான் என்று வீட்டார் அழுது முடித்த ஒருவர் போன மாதம் பக்கத்துச் சல்லிக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தாராம். இந்த நேரம் பார்த்தா இந்தக் கார் சாகப் பார்க்கிறது?

ஜூன் 30, ஞாயிறு

சல்லிக்கு அண்ணனிடம் போனேன். இராசதுரை அண்ணனிடம் வள்ளம் ஒன்று இருக்கிறது. கார் கதையைச் சொன்னேன்.

"இதுக்கேன் முழிக்கிறாய்? வள்ள எஞ்சினுக்கு நாங்கள் பெற்றோலுக்குள்ள ஒயில் கலந்துதானே விடுறம். அப்பிடி விடு. ஈயம் செய்யிற வேலையை ஒயில் செய்யும்."

அம்மன் வாக்குப்போலக் கேட்டது. போத்தலில் ஒயிலும் தந்துவிட்டார்.

ஜூலை 1

ஒயில் கலந்து விட்டேன். புகை கறுப்பாய் வருகிறது. ஆனால் சத்தம் இருக்கிறது. மாலையில் கேற்றடியில் நெடுநேரம் ஓட விட்டேன். புஷ்பவதி இருமிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினா.

ஜூலை 4, வியாழன்

எழுத்து கோணல்மாணலாய்த்தான் வரும்.

காலையில் ஆமியின் காவல் சென்றியடியில் கார் நின்றுவிட்டது. ஆறு பிள்ளைகள் உள்ளே. திரும்ப ஸ்ராட் பண்ணினேன். ஒருதரம், இன்னொருதரம். பிறகு சைலன்சருக்குள் ஒரு வெடி. பட்டாசு இல்லை, வெடி. ஆமிக்காரர் எல்லாரும் நிலத்தில். மண்மூட்டைக்குப் பின்னால் துவக்குகள் நிமிர்ந்தன. ஒரு பெடியன் கண்ணாடிக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறான், மீசை முளைக்காதவன், விரல் ஆடுகிறது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். பிள்ளைகளும் தூக்கினார்கள். நான் சொல்லவில்லை. தாங்களாகவே தூக்கினார்கள் — எங்கே பழகினார்கள்? யார் பழக்கினது?

ஆமிக்காரரில் பெரியவன் ஒருவன் எழும்பி வந்து, பழைய கார் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். துவக்குகள் கீழே போயின. குட்டி றம்ஸியா சட்டையோடு மூத்திரம் போய்விட்டாள். அழவில்லை. "அன்ரி, கையை இறக்கட்டா?" என்றுதான் கேட்டாள்.

பின்னேரம் அபூதாஹிர் நானா வந்து பார்த்தார். ஒயில் பிளக்கில் தார்போல ஒட்டியிருக்கிறதாம். எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய் வெடித்திருக்கிறதாம். "வள்ளத்துக்குப் போடுறதைக் காருக்குப் போடச் சொல்லி எவன் சொன்னான்?" என்றார். அண்ணன் என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 5

றம்ஸியாவின் தாய் நஜ்முன் நிஸா வந்தா. கதிரையில் இருக்கவும் இல்லை. "கோவிச்சுக்கொள்ளாதீங்க ராசமலரக்கா. காரைச் சரியாக்கினாப் பிறகு அனுப்புறன். உங்களில ஒரு பிழையும் இல்ல."

என்னில்தான் பிழை. என்னுடைய ஒரு ஆளுக்காக ஆறு வீட்டுப் பிள்ளைகளைத் துவக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அந்த விரல் கொஞ்சம் அசைந்திருந்தால்?

அபூதாஹிர் நானாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஜப்பான் எஞ்சினைப் போடச் சொல்லி.

ஜூலை 16

எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். "பழசை ஒரு வேலைக்கு எடுக்கட்டா தங்கச்சி?" என்றார் அபூதாஹிர் நானா. எடுங்கோ என்றேன். குசினிக்குள் போய் நின்றேன். சவம் எடுக்கும்போது பெண்கள் கேற்றுக்கு வெளியே போவதில்லையே, அப்படி.

ஜூலை 22

கார் பூனை மாதிரித்தான் போகிறது. நஜ்முன் நிஸா றம்ஸியாவைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து ஏற்றிவிட்டா. சென்றியில் ஆமிக்காரர் திரும்பியும் பார்க்கவில்லை.

மாலையில் கேற்றடியில் எஞ்சினை ஓட விட்டேன். எனக்கே கேட்கவில்லை. நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன்.

ஜூலை 25

இல்லாத சத்தம் கேட்கிறது. உலை கொதிக்கும்போது, மழை பெய்யும்போது. எழும்பிப் போய்ப் பார்த்தால் றோட்டில் ஒருவரும் இல்லை.

ஓகஸ்ட் 1, வியாழன்

பொழுதுபடக் கரண்ட் போனது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டது.

மூன்று துடிப்பு, ஒரு விக்கல்.

மனப்பிரமை என்று இருந்தேன். திரும்பவும். திரும்பவும். எழும்பினது தெரியாது, கேற்றைத் திறந்தது தெரியாது. செருப்பில்லாமல், கையில் தேங்காய்ப் பாதியோடு, றோட்டால் ஓடினேன். புஷ்பவதி கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை. வாய் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே போனது.

றோட்டு முடிவில் ஸஹாப்தீன் நானாவின் மா அரைக்கிற மில். அங்கேயிருந்துதான். சனம் அரிசியோடு வரிசையில். நானா என்னைக் கண்டு சந்தோசமாய்க் கத்தினார். "தங்கச்சி, உங்கட எஞ்சின்தான்! அபூதாஹிர் கொண்டுவந்து பூட்டித் தந்தார். மண்ணெண்ணெயில ஓடுது. கரண்ட் இல்லாட்டியும் அரைக்கலாம் இனி."

நல்லது நானா என்றேன். தேங்காயைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன்.

ஓகஸ்ட் 2

இரவு கண்மூடவில்லை. ஒன்றேயொன்றுதான் திரும்பத் திரும்ப.

நான் ஓடினேனே. ஒருதரம் கேட்டதும் ஓடினேனே. என்ன ஏது என்று யோசித்தேனா? இத்தனை வருசம் இந்த ஊருக்குள் அந்தச் சத்தத்தை ஓட விட்டேன். கேட்கும் தூரத்தில் இருந்திருந்தால் அவரும் ஓடி வந்திருப்பார். காலில்லாவிட்டாலும் ஊர்ந்து வந்திருப்பார். எனக்கு அவரைத் தெரியும்.

ஓகஸ்ட் 7, புதன்

மகன் தயாபரன் மட்டக்களப்பிலிருந்து லீவில் வந்திருக்கிறான். நாளைக்கு ஆடி அமாவாசை. போன வருசம் தகப்பனுக்கு விரதம் பிடிக்கப்போகிறேன் என்றவனுக்கு, உயிரோடு இருக்கிற மனுசனுக்கு விரதமா என்று கத்தி, காலையிலேயே சோற்றைப் போட்டுத் தின்னவைத்தேன். இந்த வருசம் குசினி வாசலில் வந்து நின்றான், போனான்.

மாலையில் கேற்றைப் பூட்டிவிட்டு வந்து அவனைக் கூப்பிட்டேன். "விடியக் குளிச்சிட்டு நில்லு தம்பி. கோணேசர் கோயிலடிக்குத் தீர்த்தமாடப் போவம். காரிலேயே போவம்."

"அம்மா, ஐயர் அப்பான்ர பேர் கேப்பார். செத்த நாளும் கேப்பார்."

"பேர் சோமசேகரம் எண்டு சொல்லு. நாள் தெரியாது எண்டு சொல்லு."