நூற்றிருபத்தேழு தலைகள்

மார்ச் 4
கம்பெனிக்கு இருபத்தைந்து வயதாம். எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, மாடியிலிருந்து படமெடுத்து மாட்டப்போகிறார்களாம். வரிசைகள் சமமாக இருக்கணும், ஒரு தலைகூட மிஞ்சக் கூடாது என்று மானேஜர் உத்தரவு. நாங்கள் நூற்றிருபத்தேழு பேர். பகா எண். ஒரே வரிசையாக நின்றால் உண்டு, அது கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போகும் என்றேன். "கணக்குப் படிச்சவங்களுக்கு எல்லாமே முடியாதுதான்" என்றார். மூளையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிற மனுஷன்.

மார்ச் 5
சூப்பர்வைசர் கால்குலேட்டரோடு உட்கார்ந்துவிட்டார். அறுபத்து மூன்றால் வகுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகிறார். பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு. ஆக, எந்தப் பெரிய எண் வகுத்தாலும் அதன் ஜோடி பதினொன்றுக்குள் இருந்தாக வேண்டும். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று. முடிந்தது வேலை. சொல்லவில்லை. வகுக்கட்டும்.

மார்ச் 6
நாத்தனார் போட்டோவுக்காகத் துணிக்கு இஸ்திரி போடுகிறாள். அவளும் அங்கேதான், பேக்கிங்கில். கால் முறிந்ததிலிருந்து கோலூன்றித்தான் நடக்கிறாள். எங்களுக்குள் பேச்சு நின்று மாதங்கள் ஆகின்றன. ஒரு படத்துக்கு இத்தனை அலட்டல்!

மார்ச் 8
ஒருத்தரைக் கழித்தால் நூற்றிருபத்தாறு. ஒன்பது வரிசை, வரிசைக்குப் பதினான்கு. சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு.
யாரைக் கழிப்பது? "அந்தக் கோல் வச்சிருக்கற அம்மாவ விட்டுடுங்க. படத்துல நல்லாருக்காது" என்றார் மானேஜர்.
நீங்களும் வந்து நின்றால் நூற்றிருபத்தெட்டு சார், எட்டு வரிசையில் பதினாறு பேர் என்றேன்.
"நான் இவங்களோட வரிசையிலயா?"
சீ. இவனெல்லாம் ஒரு மானேஜர்! அவ என்ன பாவம் பண்ணினா?
இஸ்திரி போட்ட துணியை அவள் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள்.

மார்ச் 10
ஓரத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரிசையிலிருந்து வெளியே வந்தேன். "போ, என் இடத்துல நில்லு."
போய் நின்றாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். மாடியிலிருந்து மைக் கத்தியது: "கோல் வச்சிருக்கறவங்க வெளிய வாங்க!"
திரும்பி வந்தாள். "அண்ணி, கொஞ்சம் நகருங்க."
என்னைக் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. வரிசையில் ஓட்டை. சூப்பர்வைசர் கால்குலேட்டரை எடுத்து அறுபத்திரண்டிலிருந்து ஆரம்பித்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
"அண்ணி, நூத்தி இருபத்தஞ்சு அஞ்சால போகுமில்ல?"
"போகும். வரிசைக்கு இருபத்தஞ்சு."
"சொல்லலயா?"
"வகுக்கட்டும்."
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும்தான்.

மார்ச் 17
படத்தை மாட்டிவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் பல் விழுந்த பொக்கை மாதிரி ஓட்டை. காலையில் என் துணிக்கும் சேர்த்து அவளே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.